பெயர் படிக்கும்போது மிஷின் ஓடாது

மாவு மிஷின் திடீரென்று நின்றால் மற்ற ஊர்களில் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் யாரோ ஒருவர் பெயர் ரேடியோவில் வருகிறது என்று நினைப்போம்.

சித்தூரில் பழைய மிஷன் காம்பவுண்டின் பின்சுவரை ஒட்டிப் போகும் தெரு அது. மிஷினை நடத்தியவரை ஊர் ‘மிஷின்காரம்மா’ என்றது. நான் ‘அத்தே’ என்று கூப்பிடுவேன். உறவு எதுவும் கிடையாது. அவர் காம்பவுண்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் நகரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆனாலும் அத்தை. இப்போது அவர் வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரே அதை விரும்பியதில்லை. ஊரில் உள்ளவர் பெயரையெல்லாம் ரேடியோவில் படிக்க வைத்தவர், ரேடியோவுக்கு அனுப்பும் கார்டு ஒன்றில்கூடத் தன் பெயரை எழுதியது கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“என் பேர சபையில மூணு தரம் படிச்சாச்சுடா, கல்யாணத்துக்கு. அப்ப எவனாவது ஒருத்தன் எழுந்து ஆட்சேபணைன்னு சொல்லியிருக்கலாம். ஒருத்தனும் எழுந்திருக்கல. அந்த ஆளுகூட இருவது வருஷம் குப்ப கொட்டினேன். எனக்கு அந்த மூணு தரம் படிச்சதே போதும்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். புருவத்தில் படிந்திருந்த மாவு கண்ணில் விழுந்தது.

அவர் சொன்னது ஓலை வாசிப்பதை. அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் பெயரைப் படிப்பார்களாம். இந்தக் கல்யாணம் கூடாது என்பவர்கள் எழுந்து சொல்லலாம். மூன்றாம் தரமும் யாரும் எழுந்திருக்காவிட்டால் பிறகு யாரும் மறுக்க முடியாது. இந்தச் சட்டத்தைத்தான் அத்தை சபையிலிருந்து எடுத்து வந்து ரேடியோவுக்குப் போட்டுவிட்டார். அவர் கணக்கில் ஒரு மனிதனின் பெயரை ஊர் கேட்கப் படிக்க வேண்டும். அதுவும் மூன்று தரம். மூன்று தரம் படித்துவிட்டால் அந்த ஆள் இந்த ஊரில் இருக்கிறான் என்பதை எந்தக் கொம்பனும் மறுக்க முடியாது.

மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. பலகை மேல் ரேடியோ. மாவு ஏறி ஏறி அது என்ன நிறத்தில் பிறந்தது என்பதே யாருக்கும் தெரியாது. முள்ளைத் திருகி அவர் வைத்த இடத்திலிருந்து யாரும் நகர்த்தக் கூடாது. திருப்பதிப் பக்கத்திலிருந்து வரும் மீடியம் வேவ் நிலையம் அது. மீடியம் வேவில் ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் மோட்டார் ஓடினால் பேச்சு கேட்காது. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும். அதனால் நேயர் விருப்பம் தொடங்கி, அறிவிப்பாளர் அம்மா பாட்டின் பெயரைச் சொல்லி, ‘கோரின வாரு’, அதாவது விரும்பிக் கேட்டவர்கள், என்று மூச்சை இழுத்ததும், அத்தை கையை ஓங்கி சுவிட்சைத் தட்டுவார். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓயும். வரிசையில் டப்பாவோடு நிற்கிறவர்கள் வாயை மூட வேண்டும்.

“இன்னா மிஷின்காரம்மா, பாதி மாவு உள்ள கீது, அப்பிடியே நிறுத்திட்ட?”

“மாவு எங்கயும் ஓடாது. பேரு ஓடிடும். சும்மா இரு.”

பெயர்கள் வரும். பஸ் ஸ்டாண்டில் கனகாம்பரம் விற்கும் கிழவி, ஹாஸ்டல் வாட்ச்மேன், காலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, சாக்கடை தூர் வாருகிற அண்ணன். இவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் ஒரு பாட்டை விரும்பிக் கேட்டிருக்கிறோம் என்பதே ரேடியோ சொல்லித்தான் தெரியும். அத்தை கொண்டைக்குள் பென்சிலைச் செருகி வைத்திருப்பார். மாவுக்கு வந்தவர்களிடம் முதலில் பெயர், பிறகுதான் நைசாகவா கொரகொரப்பாகவா என்ற கேள்வி. மூன்றாம் தரம் படித்து முடித்ததும் வரிசையைப் பார்த்துத் திரும்புவார். “ஆட்சேபணை யாருக்காச்சும் கீதா?” ஒருவரும் பேச மாட்டார்கள். பேசினால் அன்றைக்கு மாவு கிடைக்காது.

எங்கள் நைனா மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மண்டியில் அவரை ‘ஏய்’ என்பார்கள், அல்லது ‘நகரி’ என்பார்கள். ஒருநாள் அவர் பெயர் ரேடியோவில் வந்தது. இன்ஷியலோடு வந்தது. மறுநாள் நைனா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனார். மூட்டை தூக்கப் போகிறவர் வெள்ளைச் சட்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன். மண்டியில் ஒவ்வொரு கடையாக நின்று, “நேத்து ரேடியோவில இன்னாமோ சொன்னாங்களாமே, நீ கேட்டியா? நான் கவனிக்கல” என்று விசாரித்துக்கொண்டே போனாராம்.

அந்த ரேடியோ நிலையம் நிலையாக நிற்கவில்லை. சில வருடம் கார்டு வாங்கிப் பாட்டுப் போட்டது. பிறகு கார்டு வேண்டாம், போன் செய்யுங்கள் என்றது. பிறகு ஒருநாள் திடீரென்று காலை முதல் ராத்திரி வரை பக்தியாகிவிட்டது. சினிமாப் பாட்டு கிடையாது. நேயர் விருப்பம் கிடையாது. இனி அத்தை முள்ளைத் திருப்பிவிடுவார் என்று தெருவே நினைத்தது. அவர் திருப்பவில்லை. ஒரு வேதக்காரம்மா மிஷினில் விடியற்காலையிலிருந்து வெங்கடேசனும் அலமேலுமங்கையும் ஒலித்தார்கள். சபைப் பாதிரியாரை ஐயர் என்போம்; அவர் மனைவி ஐயரம்மா. கோதுமை டப்பாவோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா, காத்தாலருந்து உங்க மிஷின்ல கோயில் பாட்டாவே கேக்குது? சபையில நாலு பேரு கேக்கறாங்க.”

“பாட்டு யாரு கேட்டாங்க ஐயரம்மா? நடுவுல கல்யாண நாளு, பொறந்த நாளுன்னு ஆசீர்வாதம் சொல்றாங்க. பேரு படிக்கிறாங்க. எந்த வாசல்ல படிச்சா இன்னா, பேரு பேருதான்.” கொஞ்சம் நிறுத்தி, “உங்க ரெண்டு பேர் பேரையும் போன்ல குடுத்துட்டேன். வர்ற வாரம் உங்க கல்யாண நாளாச்சே” என்றார்.

ஐயரம்மா முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாளன்று அரைக்க ஒன்றும் இல்லாமலே மிஷின் பக்கம் வந்து நின்றார். மிஷின் நின்றது. கோயில் மணியோசைக்கு நடுவே ஐயர் பெயரும் ஐயரம்மா பெயரும் வந்தன. தம்பதிகள் நூறாண்டு வாழ வேண்டும் என்று ரேடியோ வாழ்த்தியது. ஐயரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “ஐயருக்குச் சொல்லாதீங்க” என்றார். மறுவருடம் அவரே வந்து தேதியை ஞாபகப்படுத்தினார்.

பக்தி குறைந்து விவசாயம் வந்தது. பூச்சி மருந்து, உர அளவு, மாங்காய்க்குத் தத்துப்பூச்சி. நிபுணர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். விவசாயிகள் போனில் சந்தேகம் கேட்கலாம். அத்தையிடம் நிலமும் இல்லை, ஒரு தொட்டிச் செடியும் இல்லை. போனைப் போட்டார். கார்வேட்டிநகரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் சமைக்கிற ஒரு பெண்ணுக்கு மூன்றாம் தரம் பாக்கி இருந்தது.

மாம்பூ கருகுவதைப் பற்றி அத்தை தெலுங்கில் பிரமாதமாகக் கேட்டார். நிபுணர் அக்கறையாக, “மீக்கு என்னி செட்லு உன்னாயம்மா?” என்றார். உங்களிடம் எத்தனை மரம் இருக்கிறது என்று கேட்கிறார்.

“செட்டு லேது சார்.”

“மரமே இல்லாம பூ எப்படிம்மா கருகும்?”

“பூ வேற ஆளுது சார். என்கிட்ட பேரு உந்தி. ராஸ்கோண்டி.” பெயர் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணின் பெயரை ஊரோடு சொன்னார். அந்தப் பக்கம் நிபுணர் சிரித்த சிரிப்பு இங்கே பலகை அதிரக் கேட்டது. சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி, பூ கருகினால் என்ன தெளிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். ஹாஸ்டல் பெண் கரண்டியோடு ஓடிவந்து பாதியிலிருந்து கேட்டாள். மருந்தின் பெயர் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

இத்தனை பெயர் படிக்க வைத்தவருக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் அடங்கவில்லை. அது என் மூன்றாவது அக்காவின் பெயர்.

எங்கள் நகரி, சத்தியவேடுப் பக்கத்தில் ஒரு வழக்கம். பெண்ணுக்குப் பின் பெண்ணாகப் பிறந்தால், மூன்றாவதுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும். எங்கள் வீட்டிலும் வைத்தார்கள். அடுத்தது ஆணாகத்தான் பிறந்தது. அது நான்.

பள்ளிக்கூடத்தில் சார் அட்டெண்டன்ஸ் எடுப்பார். “வேண்டாம்?” என்பார். சித்தூரில் பாதி வகுப்புக்குத் தமிழ் தெரியும். அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசை முழுக்க, “வேண்டாம் சார்!” என்று கத்தும். சாரும் சிரிப்பார். எட்டாவதோடு அக்கா நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். காலேஜ் போனதும் நான்தான். ஆனால் என் புத்தகங்களுக்கு அட்டை போட்டவள் அவள். அட்டை போடுகிற சாக்கில் படித்தும் விடுவாள். மாம்பழ ஜூஸ் பாக்டரியில் சீசன் வேலைக்குப் போய்வந்து, கை முழுக்கப் பழவாடையோடு என் சமூகப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள்.

“நீயும் ஓப்பன் ஸ்கூல்ல எழுதலாமே, அக்கா.”

“எழுதலாம். பரிட்சை ஹால்ல பேரு கூப்புடாம பேப்பர் குடுப்பாங்களா?”

அத்தையிடமும் பெயர் கொடுக்க மாட்டாள். அத்தை அவளை விடவில்லை. கார்டு காலத்தின் கடைசியில், அவளைக் கேட்காமலே தன் கையால் தெலுங்கில் எழுதிப் போட்டுவிட்டார். அத்தை மிஷன் ஸ்கூலில் தமிழ் படித்தவர். தெலுங்கு எழுத்து கடை போர்டுகளைப் பார்த்துப் பழகியது. தெலுங்கில் ‘ட’வும் ‘த’வும் கூடப் பிறந்தவை மாதிரி; வயிற்றில் ஒரு சின்ன மடிப்புத்தான் வித்தியாசம். அத்தை மடிப்பை எங்கே போட்டாரோ, சுழியை எங்கே விட்டாரோ, ரேடியோவில் அறிவிப்பாளர் அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு, இனிமையாகப் படித்தார்: “சித்தூரு நுஞ்சி... வேதம்மா.” சித்தூரிலிருந்து வேதம்மா.

நின்ற மிஷினுக்கு முன்னால் அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கேட்டியாடா? வேதம்மா! நான் வேண்டாம்னு எழுதினேன், ஆண்டவரு வேதம்னு படிக்க வெச்சிட்டாரு!” அவர்களுக்கு வேதம் என்றால் பைபிள். எழுந்து எங்கள் வீட்டுக்கே ஓடினார். அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். “ஏண்டி, இனிமே நீ வேதம்மா. இன்னும் ரெண்டு தரம் படிச்சுட்டா கெட்டியாயிடும். அப்பறம் போயி பரிட்சைக்குப் பேர் குடு.”

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் யாரோ “வேதம்மா” என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. “அத்தே, ரேடியோவில படிச்சா சர்ட்டிபிகேட்ல பேர் மாறாது. ஸ்கூல் ரிக்கார்டுல இருக்கிறதுதான் ஹால் டிக்கெட்ல வரும்” என்றேன்.

“நீ படிச்சவன், உனக்குப் பேப்பரு தெரியும். எனக்குக் காது தெரியும். அவ காதுலதான்டா அடி பட்டது. அங்கதான் மருந்து போடணும்.”

நைனாவுக்கும் கோபம். “நான் வெச்ச பேர மாத்த இந்தம்மா யாரு?” என்று வீட்டுக்குள் கத்துவார், மாவு அரைக்கப் போனால் வாயைத் திறக்க மாட்டார்.

நிலையம் போனுக்கு மாறியதும் அத்தையே பேசி இரண்டாம் தரமும் ‘வேதம்மா’ என்று சொல்ல வைத்தார். ஒன்றுதான் பாக்கி. அக்கா ஓப்பன் ஸ்கூலில் சேரும் வழியை என்னிடம் விசாரிக்கத் தொடங்கினாள். “மூணாம் தரம் வந்ததும் போலாம்” என்றாள். அதற்குள்தான் பக்தி வந்தது. பக்தியில் பிறந்த நாள் சொல்வார்களே, அக்கா பிறந்த நாளைக் கொடுப்போம் என்றால் எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. விவசாயம் வந்தது. “பூச்சி மருந்து நடுவுல என் பேரு வாணாம் அத்தே” என்று அக்காவே சொல்லிவிட்டாள். அடுத்து எல்லாமே நின்றது. நிலையத்துக்குச் சொந்தக் குரலே இல்லாமல், தலைநகரிலிருந்து வருவதை அப்படியே வாங்கி விட ஆரம்பித்தார்கள். எங்கோ இருக்கிறவர்கள் எங்கோ இருக்கிறவர்களுக்குப் பேசினார்கள். சித்தூர் என்ற சொல்கூட வரவில்லை. மிஷின் நிற்காமல் ஓடியது. வரிசை சீக்கிரம் நகர்ந்தது. மாவு வேகமாகக் கிடைத்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, திருத்தணிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக நைனா சொன்னார். ஓப்பன் ஸ்கூல் சேர்க்கைக்கும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா எதுவும் பேசவில்லை. அவள் எப்போதுமே பேசாதவள்தானே என்று எல்லாரும் நினைத்தோம்.

அத்தை காதில்தான் அந்தச் செய்தி முதலில் விழுந்தது. ரேடியோ மறுபடி மாறியிருந்தது. எப்.எம்.மிலும் வருகிறது, தினமும் சாயங்காலம் நம் பக்கத்து ஜனங்களே பேசலாம் என்றார்கள். மகன் வாங்கிக் கொடுத்த புது ரேடியோவைப் பலகையில் வைத்தார். எப்.எம்.மில் மோட்டார் பொரிவது கிடையாது. மிஷின் ஓடினாலும் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது. ஆனாலும் முதல் பெயர் வந்ததும் அத்தை கையை ஓங்கி சுவிட்சைத் தட்டினார்.

“இப்பத்தான் நல்லா கேக்குதே, ஏன் நிறுத்தற?” என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

“இத்தினி நாளா எரைச்சலுக்கா நிறுத்தினேன்? மரியாதைக்கு நிறுத்தினேன்.”

வேதம்மாவின் மூன்றாம் தரத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரு இளம் பெண் குரல், பணிவாக ஆனால் கண்டிப்பாகச் சொன்னது: இந்த நிகழ்ச்சியில் ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது. யார் பெயரோ அவரே வர வேண்டும். அந்தப் பெண்ணையே முறைப்பது போல் அத்தை செல்போனை முறைத்தார். இத்தனை வருடத்தில் எந்த மாற்றமும் அவரை மடக்கியதில்லை. இது மடக்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் என்னை அனுப்பி அக்காவைக் கூட்டிவரச் சொன்னார். நைனா ஏற்கெனவே கேழ்வரகு டப்பாவோடு வரிசையில் நின்றிருந்தார். நாலைந்து பெண்கள் இருந்தார்கள்.

“நீயே பேசணுமாண்டி.”

“நான் மாட்டேன் அத்தே.”

“வேதம்மான்னு ஒரு சொல்லு. அவ்ளோதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“இன்னாத்த பாத்துப்ப? எனக்கு தெலுங்கு சரியா வராது.”

“பல்லு வெளக்கற நேரம்கூட ஆவாதுடி!”

அதற்குள் அத்தை எண்ணை அழுத்திவிட்டார். பிஸி. மறுபடி அழுத்தினார். பிஸி. அக்கா தப்பித்த நிம்மதியில் டப்பாக்களைத் தாண்டி வெளியே ஒரு காலை வைத்தாள். லைன் கிடைத்துவிட்டது. அத்தை மிஷினை நிறுத்தினார். செல்போனை அக்கா காதில் வைத்து, அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். பலகையிலிருந்தும் அதே குரல் வந்தது.

“ஹலோ, நமஸ்காரமண்டி! மீ பேரு?”

பெல்ட் ஓய்ந்து அடங்கும் சத்தம் மட்டும். அத்தை உதட்டை அசைத்துக் காட்டினார்: வே-தம்-மா. அக்கா அத்தையைப் பார்த்தாள். பிறகு வரிசையில் நின்ற நைனாவைப் பார்த்தாள்.

“ஹலோ? பேரு செப்பண்டி.”

“வேண்டாம்” என்றாள் அக்கா.

வரிசையில் யாரோ ‘க்ளுக்’ என்றார்கள். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ரேடியோ பெண்ணுக்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. உற்சாகமாக, “வேண்டாம் காரா! சாலா கொத்தகா உந்தி. தீனிகி அர்த்தம் ஏமிடண்டி?” என்றாள். ரொம்பப் புதுசாக இருக்கிறதே, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள். சித்தூர், திருப்பதி, திருச்சானூர் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நைனா தன் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வத்து அனி அர்த்தமண்டி” என்றாள் அக்கா. தெலுங்கில் ‘வத்து’ என்றால் வேண்டாம். அத்தோடு நிற்கவில்லை. பாதி தெலுங்கு, பாதி தமிழ். “மூணாவதும் பொண்ணா பொறந்துட்டேன்னு, ஆடபில்ல வத்துன்னு மா நைனா பெட்டாரு. அப்ப அவரு சொன்னாரு. இப்ப நான் சொல்றேன். பெள்ளி வத்து. கல்யாணம் இப்ப வேண்டாம். சதுவு காவாலி. படிப்பு வேணும். பத்தாவது எழுதப் போறேன்.”

ரேடியோ பெண் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, “வேண்டாம் காரு” என்றாள். எங்கள் அக்காவை அதுவரை யாரும் ‘காரு’ என்று மரியாதை போட்டு அழைத்ததில்லை. “வேண்டாம் காரு, மீகு ஏ பாட்ட காவாலி?”

“ஏதைனா பரவாலேது. கட்டிகா பெட்டண்டி.” எந்தப் பாட்டானாலும் சரி, சத்தமாகப் போடுங்கள்.

சத்தமாகத்தான் போட்டார்கள். வரிசையில் இருந்த பெண்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ‘க்ளுக்’ என்ற அம்மாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அக்கா செல்போனை நீட்டினாள். அத்தை அதை வாங்காமல் நைனா பக்கம் திரும்பினார்.

“ஆட்சேபணை இன்னாவாச்சும் கீதா?”

நைனா டப்பா மூடியைத் திறந்தார், மூடினார். “கடைசித் தேதி என்னிக்கி?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். “அதுக்குள்ள போயி சேத்துட்டு வா” என்றார். அப்புறம், யாரையும் பார்க்காமல், “திருத்தணிக்கு நான் சொல்லிக்கறேன்” என்றார்.

அத்தைக்கு மட்டும் ஒரு கணக்கு உதைத்தது. “இருடி, வேதம்மான்னுதான் ரெண்டு தரம் ஆச்சு. வேண்டாம்னு இதான் மொதல் தரம். இன்னும் ரெண்டு தரம் பாக்கி கீது.”

“வேண்டாம் அத்தே” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தார். தன் வாழ்நாள் சட்டத்தை ஒரு பெண் ஒரே சொல்லில் தள்ளிவிட்டாளே என்ற கோபம் அவர் முகத்தில் துளியும் இல்லை. மாவும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் கூழாகிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. அத்தை சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ரவி அம்மா முன்னால் வந்தார். எங்கள் தெருவிலேயே வயசானவர். பேரன் பேத்தி எடுத்தவர். அத்தை எத்தனையோ தரம் பெயர் கேட்டும், “ரவி அம்மான்னே எழுதிக்க” என்று மழுப்பியவர்.

“மிஷின் இருக்கட்டும்” என்றார் அவர். “அந்தப் பொண்ணு இன்னும் லைன்ல கீதா?”

“ஏன், இன்னா வோணும்?”

ரவி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். கல்யாணப் பெண் மாதிரி முந்தானையைச் சரிசெய்தார்.

“என் பேரு போதும்பொண்ணு.”

அத்தை சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, மறுபடி எண்ணை அழுத்த ஆரம்பித்தார்.